வேட்டிக்குள் பன்னிரண்டு வருஷம்

போன ஆடி மாதம் ஒரு பெரியவர் வந்தார். திருப்பனந்தாள் பக்கத்து விவசாயி, வயது அறுபத்தெட்டு. டிவிஎஸ் ஃபிஃப்டியில் உட்கார முடியவில்லை என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். முதுகு வலிக்கிறதா, மூலமா என்று கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டினார். கூட வந்த மகன் பணம் கட்ட வெளியே போனதும்தான் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணு இருக்கு தம்பி" என்று வேட்டியை விலக்கினார். உரித்த தேங்காயை விடப் பெரிய விரைவீக்கம்.

"எவ்வளவு நாளா இருக்குங்க ஐயா?"

"பேரன் பொறந்த வருஷம் ஆரம்பிச்சுது. அவன் இப்ப ஏழாங்கிளாஸ்."

"வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

"வீட்டுல தெரியாது. ஊருக்கே தெரியும். தெனம் ஆத்துலதானே குளிக்கிறேன். கோமணத்தோட நிக்கும்போது பாக்காமயா இருப்பானுங்க?"

"ஒருத்தர்கூட டாக்டரைப் பாருன்னு சொல்லலையா?"

"அதை எப்படி தம்பி சொல்லுவாங்க?"

அந்தக் கடைசி வரி எனக்குள் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது. கும்பகோணத்தில் இருபது வருஷத்துக்கு மேல் அறுவை சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். இடுப்புக்குக் கீழே, தொடைக்கு மேலே வரும் ஆண்களின் நோய்கள் எனக்குத் தினப்படி வேலை. அவற்றில் பாதிக்கு மேல் தாமதமாகத்தான் வந்து சேர்கின்றன. "வெட்கம் டாக்டர்" என்பார்கள். ஆனால் இது என்ன மாதிரி வெட்கம் என்பதுதான் புரியாத விஷயம். காவிரிக் கரை ஆம்பளைக்கு உடம்பைக் காட்டுவதில் என்றைக்கு வெட்கம் இருந்தது?

என் தாத்தா வரப்பு வெட்டப் போனால் அரைஞாண் கயிறும் கோமணமும்தான். பகவத் படித்துறையிலும் சக்கரப் படித்துறையிலும் காலையில் வரிசையாக முதுகுகள் தெரியும். பம்புசெட் தொட்டியில் ஊர்ப் பையன்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் குதிப்போம். கல்யாணப் பந்தியில் வெற்று மார்போடு பரிமாறுகிறவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தொப்பை, தழும்பு, தேமல், குடலிறக்கம் எல்லாம் வெயிலில் அப்படியே கிடந்தன. இப்போது ஆற்றில் தண்ணீர் வந்தால் பையன்கள் டீசர்ட், டிராக் பேன்ட்டோடு இறங்குகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஈரத்துணியோடு பைக்கில் வீட்டுக்குப் போய், அதிலேயே அரைநாள் சுற்றி, தொடை இடுக்கில் படர்தாமரையோடு வருகிறார்கள் என்பது மட்டும்தான் என் கவலை. வருவதற்கு முன்பே மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கித் தடவியிருப்பார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு நிற்கும், பூஞ்சை பரவும்.

பழைய காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெரியவர் அந்தப் பழைய காலத்து ஆள்தான். ஊர் பார்த்தது, பட்டப்பெயர்கூட வைத்திருக்கும். வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை மட்டும் யாரும் சொல்லவில்லை.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டுப் பிச்சாடனர் நிற்கிறார். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி. தாருகாவனத்து முனிவர்களின் கர்வத்தை அடக்க, சிவன் பிச்சை எடுக்கிறவனாக ஆடையில்லாமல் போன கதை நம் எல்லாருக்கும் தெரியும். இடுப்பில் சுற்றிய பாம்பு ஒன்றுதான் உடுப்பு. கோயிலில் உற்சவத்துக்கு எழுந்தருளும்போது பட்டும் மாலையும் சாத்திவிடுவதால் மேனி தெரியாது. கலைக்கூடத்தில் தெரியும். எனக்கு நேரம் கிடைத்தால் போய்ப் பார்ப்பேன், பக்தி பாதி, தொழில் பாதி. தோள் அகலம். ஆனால் வயிற்றில் கட்டுக்கட்டாக எதுவும் இல்லை. மூச்சை உள்ளே நிறுத்தினாற்போல் வழவழப்பான, லேசாகத் தளர்ந்த வயிறு. சிக்ஸ் பேக் வேண்டும் என்று பவுடர் டப்பாவோடு வரும் பையன்களை ஒரு தடவை அங்கே அழைத்துப் போனால் என்ன என்று தோன்றும். மூவுலகமும் மயங்கிய அழகனுக்கே அந்த வயிறுதான் இருந்திருக்கிறது.

மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் சமணக் கோயில்கள் இருக்கின்றன. திகம்பரம் என்றால் திசைகளையே ஆடையாக உடுத்துவது. அங்கே ஆடையில்லாத உடம்புக்குப் பற்றில்லாமை என்று அர்த்தம். சிவன் கோயிலில் அது மயக்கம், தீர்த்தங்கரர் கோயிலில் துறவு. இரண்டும் சில மைல் தூரத்தில். இதில் ஆபாசம் என்ற பேச்சு இந்த மண்ணில் எப்போது நுழைந்தது என்பதை வரலாறு படித்தவர்கள் சொல்லட்டும்.

வெள்ளைக்காரர்களும் இதில் ஒரே மாதிரி இருந்ததில்லை. பழைய கிரேக்கர்கள் ஆடையில்லாமல்தான் ஓடினார்கள், மல்யுத்தம் செய்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிம்னோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது, நிர்வாணம் என்று பொருள். அதிலிருந்துதான் நம் ஊர் 'ஜிம்'. மைக்கலாஞ்சலோ 1504-இல் செதுக்கி முடித்த தாவீது சிலை பதினேழு அடி உயரம், துணி கிடையாது. அதன் சுதை நகல் ஒன்று 1857-இல் விக்டோரியா மகாராணிக்குப் பரிசாக லண்டன் போனது. அரச குடும்பத்துப் பெண்கள் வரும்போது மாட்டிவிட ஓர் அத்தியிலை செய்து வைத்தார்கள். கொக்கி வைத்த இலை, ஏறக்குறைய ஒன்றரை அடி. இன்னமும் அதை அங்கே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கம் 1926 முதல் 1962 வரை, உள்ளரங்கக் குளங்களில் ஆண்கள் ஆடையில்லாமல் நீந்துவதையே பரிந்துரைத்தது. கம்பளி நீச்சலுடையின் பிசிறு வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், அழுக்கும் கூடவே வரும் என்பது காரணம். வெட்கத்தை வடிகட்டி தோற்கடித்த காலம் அது.

சிலைகளைப் பற்றிப் பேசினால் என் தொழிலுக்கு ரொம்ப உபயோகமான ஒரு கதை உண்டு. கிறிஸ் மெக்மானஸ் என்ற ஆங்கிலேயர் பழங்காலச் சிலைகள் 107-ஐப் பார்த்து, எந்தப் பக்க விரை தாழ்ந்திருக்கிறது, எது பெரியது என்று கணக்கெடுத்து, 1976-இல் நேச்சர் இதழில் எழுதினார். 2002-இல் அதற்கு இக் நோபல் கிடைத்தது, சிரிக்க வைத்துவிட்டு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு. பெரும்பாலான ஆண்களுக்கு இடது விரைதான் சற்றுத் தாழ்ந்து தொங்கும். அதைச் சிற்பிகள் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் தாழ்ந்திருப்பது கனமாகத்தானே இருக்கும் என்று நினைத்து இடது விரையைப் பெரிதாகவும் செதுக்கிவிட்டார்கள். நிஜத்தில் மேலே இருக்கும் வலது விரைதான் ஒரு துளி பெரியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாதம் இரண்டு கல்லூரிப் பையன்களாவது "ஒண்ணு எறங்கியிருக்கு டாக்டர்" என்று வெளிறிப்போய் வருகிறார்கள். சிலர் மூன்று மாதம் தூங்காமல் போனில் தேடிவிட்டு வருவார்கள். நான் சிலைக் கதையைச் சொல்வேன். சிரித்துவிட்டுப் போவார்கள். அளவு சிறிது என்ற கவலையும் அதே ரகம். கிரேக்கச் சிற்பிகள் சிறியதையே அழகு என்று செதுக்கினார்கள், பெரியது அவர்களுக்குக் கோமாளித்தனம். பையன்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது போனில் வரும் படங்களோடு. அந்தப் படங்களுக்கு ஆள் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. படித்துறையில் பத்து சாதாரண உடம்புகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தப் பயம் குறைவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது, என் அனுபவம் அவ்வளவுதான்.

சிரிக்க முடியாத கதை ஒன்று. பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன். ராத்திரி இரண்டு மணிக்குத் திடீரென்று ஒரு பக்க விரையில் வலி, ஒரு தடவை வாந்தி. அம்மா எழுந்து வந்து கேட்டதும் "வயித்து வலி" என்று சொல்லியிருக்கிறான். ஓம வாட்டர் கொடுத்தார்கள். காலையில் மெடிக்கலில் கேஸ் மாத்திரை. மறுநாள் ஒரு கிளினிக்கில் வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்த்து ஊசி. என்னிடம் வரும்போது நாற்பது மணி நேரம் ஓடிவிட்டது. விரை தன் தண்டிலேயே முறுக்கிக்கொள்ளும் நோய் அது. தோட்டத்து ஹோஸ் பைப்பை முறுக்கினால் தண்ணீர் நிற்கிற மாதிரி ரத்தம் நின்றுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் தாண்டினால் அனேகமாகக் கை நழுவிவிடும். எடுத்துவிட்டேன். மற்றொரு பக்கமும் முறுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதால் அதைத் தையல் போட்டு நிலைநிறுத்தினேன். ஒரு விரை போதும், குழந்தை பிறக்கும், ஹார்மோனுக்கும் பெரும்பாலும் குறை வராது என்று அவனிடம் நாலு தடவை சொன்னேன். அவன் அப்பா வராண்டாவில் நின்றுகொண்டு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். இவர் அவனிடம் எதையாவது எப்போதாவது பேசியிருப்பாரா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

பத்து வயதிலிருந்து இருபது வயது வரை பையன் அடிவயிறு வலி என்றால் கீழேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்கு ஒரு வார்த்தை வேண்டும். இங்கேதான் நம் வீடுகள் சிக்கிக்கொள்கின்றன. டாக்டர்கள் 'விரை' என்கிறோம், அது பாடப்புத்தக வார்த்தை. நண்பர்களிடம் சொல்வது கெட்ட வார்த்தையாகிவிட்டது. வீட்டில் 'அங்கே', 'கீழே', அவ்வளவுதான். கண் வலிக்கிறது என்று சொல்வதைப் போல விரை வலிக்கிறது என்று ஒரு பையன் சமையலறை வாசலில் நின்று சொல்ல முடிந்தால் அந்த ஆறு மணி நேரம் கைக்குள் இருக்கும். கபடியில் உதை வாங்கியவனுக்கும் இதையே சொல்வேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் வலி அடங்கவில்லை என்றால் ஐஸ் வைத்துக்கொண்டு உட்காராதே, வா. லங்கோடு கட்டினால் குடல் இறங்காது என்று கோதாவில் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் இல்லை.

வலியில்லாத கட்டி வேறு ரகம். விரைப் புற்றுநோய் பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் வருவதுதான் அதிகம், சீக்கிரம் பிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடியது. மாதா மாதம் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று யாரையும் பயமுறுத்த மாட்டேன். குளிக்கும்போது சோப்புப் போடுகிற கைக்குத் தன் உடம்பு பழகியிருந்தால் போதும். விரையின் பின்பக்கம் மெத்தென்று ஒரு சுருள் தட்டுப்படும், அது எல்லாருக்கும் இருப்பது. விரையின் மேலேயே பட்டாணி மாதிரி கெட்டியாக இருந்தால் காட்டுங்கள். ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு வரி: வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் ஏற்றினால் மூளை உள்ளே உற்பத்தியை நிறுத்தச் சொல்லிவிடும். கை பெருக்கும், விரை சுருங்கும், உயிரணு ஒன்றுமில்லாமல்கூடப் போகும்.

பெரியவர் கதைக்கு வருகிறேன். கும்பகோணத்துக்கும் யானைக்கால் நோய்க்கும் உள்ள உறவு பழையது, அந்தக் காலத்தில் ஊர் பெயரைச் சொன்னாலே கேலி செய்வார்கள். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசுவால் பரவும் புழு. காலுக்குப் போனால் யானைக்கால், விரையைச் சுற்றிய நிணநீர்க் குழாய்களில் தங்கினால் ஓதம் என்று பெரியவர்கள் சொல்லும் நீர்க்கோப்பு. எல்லா ஓதமும் யானைக்கால் புழுவால் வருவதல்ல, காரணமே தெரியாமலும் வரும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணித மேதை ராமானுஜனுக்கும் இந்த ஓதம் இருந்தது. கல்யாணமான சில மாதங்களில் தொந்தரவு, குடும்பத்தில் ஆபரேஷனுக்குக் காசில்லை. 1910 ஜனவரியில் ஒரு மருத்துவர் இலவசமாகச் செய்து கொடுத்தார். உலகமே பேர் சொல்லும் ஆளுக்கு வந்த நோயை இன்றைக்கும் மூன்றாம் மனிதர் காதில் விழாமல் சொல்கிறோம்.

ஊசியால் நீரை உறிஞ்சிவிட்டால் மறுபடி கோத்துக்கொள்ளும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. புழுவுக்கு மாத்திரை உண்டு, சேர்ந்த நீர் மாத்திரைக்குப் போகாது. அறுவை சிகிச்சைதான் தீர்வு. சிறிய ஆபரேஷன், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். பெரியவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. எடுத்த நீர் ஒரு லிட்டருக்குப் பக்கம். தையல் பிரிக்க வந்த அன்று மருமகள் ஒரு படி வேர்க்கடலை கொடுத்தனுப்பியிருந்தார், பெரியவர் மட்டும் வண்டியில் தனியாக வந்தார்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அவரே மறுபடி வந்து நின்றார். கூடவே அவர் வயதில் இன்னொருவர், வேட்டியை முன்பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டு.

"இவனுக்கும் அதான் தம்பி. படித்துறையில பாத்தேன். வாடான்னு இழுத்துட்டு வந்தேன்."

வந்தவர் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.