ஓவியம் விற்கும்போது உங்கள் கையிலிருந்து பணம் போகக் கூடாது

“என் மனைவி சில நாட்களாக உங்கள் ஓவியங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் திருமண நாளுக்கு அவளுக்குத் தெரியாமல் ஒன்றை வாங்கித் தர ஆசை. விலையைச் சொல்லுங்கள், உடனே செக் அனுப்புகிறேன். நான் கப்பலில் வேலை பார்ப்பதால் போனில் பேச முடியாது. வீடு வேறு மாறிக்கொண்டிருக்கிறோம். எங்கள் சாமான்களை ஏற்றுகிற ஏஜென்டே உங்களிடம் வந்து படத்தை வாங்கிக்கொள்வார்.”

இந்தக் கடிதம் பல வருடங்களாக உலகம் முழுக்க ஓவியர்களின் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருக்கிறது. அனுப்புகிறவரின் பெயர் மாறும், மனைவி மகளாவாள், கப்பல் எண்ணெய்க் கிணறாகும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். புதுச்சேரியில் ஒரு வங்கிக் கிளையில் நான் அந்நியச் செலாவணிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இதைப் போனில் காட்டி “இது நிஜமா மேடம்?” என்று கேட்டவர்கள் உண்டு. பணிஓய்வுக்குப் பிறகும் கேட்கிறார்கள். படம் வரைகிறவர்கள், வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்கிறவர்கள், திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறவர்கள், பண்ருட்டியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்க் கலைஞர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் திடீரென்று எழுதினால் மற்ற ஊர்களில் சந்தேகம் வரலாம். இங்கே வராது. டிசம்பரில் கடற்கரைச் சாலையில் நடந்து போனவர், ஆரோவில்லில் தங்கிவிட்டுப் போனவர், ஊருக்குத் திரும்பிய பிறகு “அன்று பார்த்த நீலப் படம் இன்னும் இருக்கிறதா?” என்று எழுதுவது உண்மையாகவே நடக்கிறது. அப்படி விற்ற படங்களால் வாடகை கட்டிய ஓவியர்களை எனக்குத் தெரியும். அதனால் ‘வெளிநாட்டு மெயில் என்றாலே ஏமாற்று’ என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நல்ல வாடிக்கையாளரையும் சேர்த்துத் துரத்திவிடுவோம். ஆளை வைத்தோ ஆங்கிலத்தில் உள்ள பிழைகளை வைத்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. நேர்மையான வாங்குபவர் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஏமாற்றுகிறவர்களோ இப்போது பிழையில்லாமலே எழுதுகிறார்கள்.

பார்க்க வேண்டியது பணம் எந்தத் திசையில் போகிறது என்பதை. விற்பனை என்றால் பணம் உங்களிடம் வர வேண்டும். பேச்சு எங்கே தொடங்கினாலும், எவ்வளவு பாராட்டு வந்தாலும், ஏதோ ஒரு கட்டத்தில் நீங்கள் யாருக்கோ பணம் அனுப்ப வேண்டும் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது ஏஜென்ட் கூலியாக இருக்கலாம், தவறுதலாக வந்த அதிகப் பணமாக இருக்கலாம், கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாயாகக்கூட இருக்கலாம். நான் பார்த்த மோசடிகள் எல்லாமே இந்த ஓர் இடத்தில் வந்து சேர்ந்தன.

மேலே உள்ள கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். படத்தின் விலை 40,000 ரூபாய் என்று சொல்கிறீர்கள். பேரமே பேசாமல் ஒப்புக்கொள்கிறார். வரும் செக்கில் விலையைப் போல இரண்டு மடங்குத் தொகை இருக்கும். “மீதி ஏஜென்டுக்கான கூலி, நீங்களே அவருக்கு அனுப்பிவிடுங்கள்” என்பார். அந்த வெளிநாட்டுச் செக்கை இங்கே வங்கி வாங்கிக்கொண்டால் அது கலெக்‌ஷனுக்குப் போகும், அதாவது அந்த நாட்டு வங்கியிடம் பணம் கேட்டு அனுப்பப்படும், பணமாவதற்கு வாரக்கணக்கில் ஆகும். சில ஏற்பாடுகளில் வங்கி முன்னதாகவே வரவு வைக்கும். ஆனால் செக் திரும்பி வந்தால் அந்தத் தொகையை உங்கள் கணக்கிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற நிபந்தனையோடுதான் வைக்கும். மோசடிக்காரருக்கு வேண்டியது அந்த இடைவெளி. “ஏஜென்டின் லாரி நாளை மறுநாள் கிளம்புகிறது, இன்றே அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்துவார். நீங்கள் அனுப்பும் பணம் அசல், அவர் கொடுத்த செக் போலி. படத்தை எடுக்க யாரும் வரப்போவதுமில்லை. படம் அவருக்கு முதலிலிருந்தே தேவையில்லை.

செக்குக்குப் பதிலாக இப்போது ஸ்விஃப்ட் (நாடுகளுக்கிடையே வங்கிகள் பணம் அனுப்பத் தகவல் பரிமாறும் அமைப்பு) ரசீது என்று ஒரு பிடிஎஃப் வரும். வங்கிச் சின்னம், எண்கள், முத்திரை எல்லாம் இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து நிஜமாகப் பணம் வந்தால் உங்கள் வங்கியே உங்களுக்குத் தெரிவிக்கும். எதற்கான பணம் என்று கேட்டு பர்ப்பஸ் கோடு வாங்கும், வரவுக்கான சான்றும் தரும். அது நடக்கும்வரை பணம் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டு மோசடிக்கு வேறு வேஷம். நவராத்திரிக்கு முன்னால் பொம்மைக்காரர்களுக்கு ஒரு ‘ராணுவ அதிகாரி’ போன் செய்வார். முகாமுக்குப் பத்து செட் கொலு பொம்மை வேண்டும், பார்த்துத் தேர்வு செய்ய நேரமில்லை, முழுப் பணமும் முன்பணமாகவே தருகிறேன் என்பார். நம்பிக்கைக்கு அடையாள அட்டை, சீருடைப் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். யாரோ உண்மையான வீரரின் அட்டையைத் திருடிப் பயன்படுத்துகிறார்கள். அடுத்து, “எங்கள் கணக்கு முறை வேறு. நீங்கள் ஒரு ரூபாய் அனுப்பினால்தான் எங்கள் பக்கம் பதிவாகும்” என்பார். ஒரு ரூபாய் அனுப்பினால் இரண்டு ரூபாய் திரும்பி வரும். மனசு இளகும். பிறகு ஒரு க்யூஆர் படம் வரும், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார்.

யூபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் கேட்கிறது என்றாலே உங்கள் பணம் வெளியே போகப்போகிறது. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் யூபிஐயில் பணம் ‘கேட்டு’ அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது, ஏமாற்ற இருந்த ஒரு வழி அடைபட்டது. க்யூஆர் ஏமாற்று இன்னும் இருக்கிறது. ‘நான் வழி சொல்கிறேன்’ என்று ஸ்க்ரீனைப் பகிரும் செயலியைப் போடச் சொல்வதும் இருக்கிறது. ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் வாடிக்கையாளரைப் பாதுகாக்க ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பைக் கேட்பது மிகவும் கடினம்.

“மெசேஜ் வந்துடுச்சு மேடம், பேலன்ஸ்லதான் காட்டல” என்று ஒரு பெண் என்னிடம் வந்தார். அந்த மெசேஜ் பத்து இலக்க சாதாரண செல் எண்ணிலிருந்து வந்திருந்தது. வங்கிக் குறுஞ்செய்தி அப்படி வராது. எழுத்துகளால் ஆன தலைப்பில் வரும். ஆனாலும் தலைப்பைப் பார்த்து ஆராய்வதைவிட வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்ப்பது நல்லது. கூடுதலாக வந்ததாகச் சொன்ன பணத்தைத் திரும்ப அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பெண் வந்துவிட்டார், பிழைத்தார்.

இனிச் சொல்லப்போவது பலருக்கும் தெரியாது, எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். சில சமயம் பணம் உண்மையிலேயே வந்துவிடும். 8,000 ரூபாய்ப் படத்துக்கு 80,000 வந்திருக்கும். “ஒரு சைபர் கூடிவிட்டது, மன்னிக்கவும், மீதியை என் தம்பி கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்” என்பார். இருப்பில் பணம் இருக்கிறது, வங்கியும் உறுதி செய்கிறது, நாணயமான மனிதர் என்ன செய்வார்? திருப்பி அனுப்புவார். ஆனால் அந்த 80,000 வேறு ஊரில் ஏமாற்றப்பட்ட இன்னொருவருடைய பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும் போலீஸ் பணத்தின் தடத்தைப் பிடித்து வரும்போது முதலில் கிடைப்பது உங்கள் கணக்கு. தொகையைப் பிடித்து வைப்பார்கள், கணக்கையே முடக்கவும் கூடும். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் அந்த ஊர்க் காவல் நிலையத்தோடு நீங்கள் எழுதிப் பேசித்தான் மீட்க வேண்டும். அதற்குள் வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அடுத்த வேலைக்கு வாங்க வேண்டிய களிமண், வண்ணம் எல்லாம் நின்றுவிடும். ஒரு தப்பும் செய்யாதவர் திருடரைப் போல விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே மனம் பொறுக்காது.

அதிகமாக வந்த பணத்தை நீங்களாக யாருக்கும் அனுப்பாதீர்கள். செலவும் செய்யாதீர்கள். கிளைக்குப் போய், இன்ன தேதியில் இன்ன தொகை தவறுதலாக வந்திருக்கிறது, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் யார் கேட்டாலும் அந்த நகல் உங்களுக்காகப் பேசும்.

இணையம் வழியாகப் பணம் அனுப்பவும் வாங்கவும் உதவும் பேபால் சேவை பற்றி இரண்டு விஷயம். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளேயே பணம் கொடுக்கல் வாங்கலுக்கு அது கிடையாது, வெளிநாட்டிலிருந்து வருவதற்கு மட்டும்தான். ஆகவே சென்னையில் இருக்கிறேன், பேபாலில் அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் மேலே பேச ஒன்றுமில்லை. அடுத்தது, பணம் அசலாகவே வந்தாலும் வாங்கியவர் 180 நாட்கள்வரை பொருள் வரவில்லை என்று தகராறு எழுப்பலாம். அப்போது உங்களைக் காப்பாற்றுவது, பரிவர்த்தனையில் உள்ள அதே முகவரிக்குப் பொருளை அனுப்பி, அது சேர்ந்ததற்கு வைத்திருக்கும் சான்று. ‘என் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்’ என்பதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டால் அந்தச் சான்றே இருக்காது. “பணம் எங்களிடம் நிற்கிறது, கணக்கை உயர்த்தக் கட்டணம் கட்டுங்கள்” என்று பேபால் பெயரில் வரும் மெயிலும் போலி. மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே தளத்துக்குள் போய்ப் பாருங்கள்.

அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்துவிட்டு இன்ஸ்டாகிராமில் படம் போடும் இளைஞர்களுக்கு என்எஃப்டி (படத்தின் டிஜிட்டல் உரிமைப் பதிவை விற்பது) ஆசை காட்டி வருகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் லட்சங்களில் விலை சொல்லி, குறிப்பிட்ட ஒரு தளத்தில் ஏற்றச் சொல்வார்கள். தளம் அவர்களுடையது. விற்றதாகத் திரையில் பெரிய தொகை தெரியும். எடுக்கப் போனால் கேஸ் கட்டணம், அதாவது பரிவர்த்தனைக் கட்டணம், என்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தில் கட்டச் சொல்வார்கள், கட்டினால் அடுத்து வரி என்பார்கள். திரையில் தெரிவது வெறும் எண். ‘உங்கள் பதிவு பதிப்புரிமையை மீறுகிறது’ என்று வரும் இணைப்புகள் கணக்கைத் திருடவே வருகின்றன. வெளிநாட்டுக் கண்காட்சியில் சுவர் வாடகை கேட்டு வரும் அழைப்புகளில் சில நிஜமாகவே கண்காட்சி நடத்துகின்றன. ஆனால் அங்கே வருமானம் உங்கள் வாடகையிலிருந்துதான் வருகிறது, படம் விற்பதிலிருந்து அல்ல. தெரிந்து போனால் சரி.

உண்மையாக வாங்குபவர் எப்படி இருப்பார்? பொருளைப் பற்றிக் கேட்பார். கேன்வாஸைச் சுருட்டி அனுப்புவீர்களா, சட்டம் போட்டா? வண்ணம் வெயிலில் மங்குமா? சுடுமண் குதிரையின் காது வழியில் உடைந்தால் என்ன செய்வது? விலையைக் குறைக்கப் பார்ப்பார். ஐந்து நிமிடம் வீடியோவில் பேசலாமா என்று நீங்கள் கேட்டால் மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது. மோசடிக்காரரோ ‘உங்கள் படம்’ என்பார், எந்தப் படம் என்று சொல்ல மாட்டார். சொன்னாலும் அளவு கேட்க மாட்டார். சந்தேகம் வந்தால் அவர் கடிதத்தில் ஒரு வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பல சமயம் அதே வரி வேறு நாட்டு ஓவியர் ஒருவருக்கும் வந்திருப்பது தெரியும்.

கூரியரை நீங்களே தேர்ந்தெடுங்கள், கட்டணத்தை விலையோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட் பற்றி விசாரியுங்கள். சிறு ஏற்றுமதியாளர்களுக்காகத் தபால் துறை டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்பாடும் வைத்திருக்கிறது. பழைய தோற்றமுள்ள உலோகச் சிலை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. உங்களுடையது புதியதுதான் என்பதற்குச் சான்றிதழ் கேட்டால் தொல்லியல் துறையிடம் நீங்களே விண்ணப்பியுங்கள். வாங்குபவர் காட்டும் இடைத்தரகரிடம் அதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பணம் போய்விட்டதென்றால் அழுவதற்கு முன்னால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு நிமிடங்களில் நகர்கிறது. சீக்கிரம் சொன்னால் வழியிலேயே பிடித்து நிறுத்த வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்திருங்கள். சைபர்க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் பதிந்து, கிடைக்கும் புகார் எண்ணை வங்கிக் கிளையில் எழுத்துமூலம் கொடுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. புதுச்சேரியிலும் கடலூரிலும் சைபர் குற்றப் பிரிவு போலீஸ் தனியாக இருக்கிறது. வெட்கத்தில் வீட்டுக்குத் தெரியாமல் மறைத்து இரண்டு நாள் கழித்து வருகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். வீட்டில் இருக்கிறவர்களும் அந்த நேரத்தில் திட்டாமல் முதலில் போனை எடுத்துக் கொடுங்கள்.

புகார் கொடுத்து சில நாளில் ஒருவர் அழைப்பார். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறேன், அல்லது பணத்தை மீட்டுத் தரும் வக்கீல் பேசுகிறேன், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஒரு சிறிய கட்டணம் கட்டுங்கள் என்பார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறி அவரிடம் வந்திருக்கிறது. 1930-க்கு அழைப்பதற்கும், தளத்தில் புகார் பதிவதற்கும், போலீஸ் விசாரிப்பதற்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது.