ஃபெரிட்டின் எண்ணை மட்டும் பார்த்து இரும்பு மாத்திரை வாங்காதீர்கள்

எச்.ஐ.வி. மருந்தை வருடக்கணக்கில் தவறாமல் சாப்பிட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவர்களும் அடிக்கடி சொல்லும் குறை மறதி. கடைக்குப் போனால் வாங்க வந்தது நினைவில் இல்லை, மீதிக் காசை எண்ணத் தடுமாற்றம். கூடவே அசதியும் இருந்தால் வீட்டில் உடனே சொல்லிவிடுவார்கள்: "உடம்புல ரத்தம் இல்ல, சத்து மாத்திரை வாங்கிப் போடு." கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் அந்த மாத்திரை மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது.

இரும்புக்கும் மூளைக்கும் உறவு உண்டு என்பது உண்மைதான். டோபமைன் உற்பத்திக்கும், நரம்பிழைகளின் மேலுறையான மையலினுக்கும் இரும்பு வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களில் ரத்தசோகை இருப்போருக்கு நினைவாற்றல், கவனம் ஆகியவற்றில் பாதிப்பு அதிகம் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இரும்பு மாத்திரை போட்டால் மறதி தீரும் என்று அவை நிறுவவில்லை. தேவைக்கு மிஞ்சிய இரும்பு மூளைச் செல்களையே அரிக்கவும் கூடும்.

பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஃபெரிட்டின். இது உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு, ஆனால் உடலில் அழற்சி இருந்தால் தானாக ஏறிவிடும். வைரஸ் அடங்கிய பிறகும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு லேசான அழற்சி தொடர்வதுண்டு. அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு ஏறும் வழியையும், சேமிப்புச் செல்களிலிருந்து அது வெளியேறும் வழியையும் அடைத்துவிடுகிறது. கிடங்கு நிறைந்திருக்கிறது, கதவுக்குத்தான் பூட்டு.

ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் 62, டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது) 11 சதவீதம், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 22. ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் ஆய்வகம் எந்தக் குறியும் போட்டிருக்காது, காரணம் அது 'நார்மல்' எல்லைக்குள் இருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு 15-க்குக் கீழ் போனால்தான் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொற்றோ அழற்சியோ இருந்தால் அதே நிறுவனம் 70-ஐ எல்லையாக வைக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்தப் பெண்ணுக்கு இரும்பு போதவில்லை. 20 சதவீதத்தைவிடக் குறைந்த டிரான்ஸ்ஃபெரின் செறிவும் அதையே சொல்கிறது. ஆகவே நான்கு எண்களையும் சேர்த்துக் கேளுங்கள். டெங்கியோ வேறு காய்ச்சலோ வந்து போன கையோடு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்திருக்கும், சில வாரம் பொறுங்கள். ரத்தத்தைக் காலையில் எடுப்பதே நல்லது. முந்தைய நாள் இரும்பு மாத்திரை வேண்டாம்.

எம்.சி.வி. என்கிற, சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எண்ணும் குழப்பும். சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவர்களுக்கு அது உயர்ந்துவிடும், அதனால் இரும்புக் குறைவு மறைந்துபோகும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் மரபணு தாங்கிகளுக்கோ இரும்பு போதுமான அளவு இருந்தும் எம்.சி.வி. தாழ்ந்தே இருக்கும். மலேசியாவில் தலசீமியா தாங்கிகள் நிறையப் பேர் உண்டு. ஃபெரிட்டின் சரியாக இருந்து எம்.சி.வி. மட்டும் தாழ்ந்திருந்தால் ஹீமோகுளோபின் பகுப்பாய்வு கேளுங்கள்.

குறைவு உறுதியானால் வழக்கமாகத் தருவது ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராம், அதில் இரும்பு சுமார் 65 மில்லிகிராம். ஒரு வேளை போட்டதும் ஹெப்சிடின் ஏறி ஏறத்தாழ ஒரு நாள் நிற்கும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் பலருக்கு இரும்பு நன்றாக உறிஞ்சப்படுகிறது, வயிற்று எரிச்சலும் குறைவு.

இனி மிக முக்கியமானது. டொலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் அதையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கினால், குடலிலேயே இரண்டும் பிணைந்து ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரும்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டொலுடெகிராவிர் எடுக்க வேண்டும். எளிய வழி: இரும்பு காலை 8 மணிக்கு, டொலுடெகிராவிர் இரவு 8 மணிக்கு. ஒரே நேரத்தில்தான் முடியும் என்றால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்கு. மெக்னீசியம், அலுமினியம் உள்ள வயிற்றுப்புண் மருந்துக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, மணிக்கணக்கு மட்டும்தான். மருந்தளவு சரிந்து வைரஸ் தலைதூக்கினால் மூளைக்கு வரும் கேடு இரும்புக் குறைவால் வருவதைவிடப் பெரிது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்கு 48 நாள் மரக்கறி விரதம் இருப்பதால் சேமிப்பு பெரிதாகச் சரிந்துவிடாது. சோற்றோடு தே தாரிக் (பால் தேநீர்) குடிக்கும் பழக்கம்தான் இரும்பு ஏறுவதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், இரும்பு ஏற உதவும் கொய்யாவைப் பக்கத்தில் வையுங்கள். பினாங்கு கோய்தியா நூடுல்ஸில் போடும் அரைவேக்காட்டுச் சிப்பியில் இரும்பு உண்டு, ஹெப்பாடிட்டிஸ் ஏ கிருமியும் இருக்கலாம். நன்றாக வெந்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

மாத்திரை வேலை செய்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் ஏறும். ஏறவில்லை என்றால் ரத்தப்போக்கைத் தேட வேண்டும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் ஆரம்பத்திலேயே குடல் பரிசோதனை தேவை. எண்கள் சரியாகியும் மறதி போகவில்லையா? பி12, தைராய்டு, சிபிலிஸ், மனச்சோர்வு, எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து என்று காரணங்கள் வேறு இருக்கின்றன. நினைவாற்றல் சோதனையைத் தமிழில் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவரை ஆங்கிலத்தில் சோதித்தால் மதிப்பெண் வீணாகக் குறையும். சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை 200-க்குக் கீழே இருப்பவருக்குத் தலைவலி, காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் வந்தால் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.