ஏற்காட்டில் இட்லி மாவு ஏன் தாமதமாகப் பொங்குகிறது?

சேலத்தில் மாவரைக்கக் கற்றுக்கொள்பவருக்கு முதலில் கிடைக்கும் பாடம், ‘ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்’ என்பதுதான். அவரே ஏற்காட்டுக்குக் குடிபெயர்ந்து, அதே அரிசியையும் உளுந்தையும் கொண்டு மார்கழி இரவில் மாவைக் கரைத்து வைத்தால், விடியும்போது மாவு வைத்த மட்டத்திலேயே கிடக்கும். உளுந்து பழையது என்றோ கைராசி இல்லை என்றோ முடிவு கட்டுவதற்கு முன், ஏறிவந்த மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பார்ப்பது நல்லது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், மேலே ஏறக்குறைய 8 டிகிரி குளிர்ச்சி கூடுகிறது.

மாவைப் பொங்க வைப்பவை லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் முதலிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். ரொட்டிக்குச் சேர்ப்பதுபோல் இங்கே ஈஸ்ட் சேர்க்க வேண்டியதில்லை. தேவையான நுண்ணுயிரிகள் பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடுமே வந்துவிடுகின்றன. அவை மாவிலுள்ள சர்க்கரைகளை உண்டு, புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலத்தையும், மாவை உப்பச் செய்யும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகின்றன. சுமார் 30 டிகிரியில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் முடியும் இந்த வேலை, 18 டிகிரியில் ஒரு முழு நாளைக்கூட எடுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் சேலத்துச் சமையலறையில் நேர்வது இதற்கு நேர்மாறு: மாவு சீக்கிரமே பொங்கிவிடுவதோடு, காலைவரை வெளியில் விட்டால் அளவுக்கு மீறிப் புளித்தும் போகிறது.

ஆனால் வாயு உண்டானால் மட்டும் போதாது. அது மாவுக்குள் தங்கவும் வேண்டும். அரிசி மாவைத் தனியே புளிக்க வைத்தால் குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடும். அவற்றைப் பிடித்து வைப்பது உளுந்துதான். அதிலுள்ள புரதங்களும், அரைக்கும்போது வழுவழுப்பைத் தரும் அராபினோகாலக்டன் என்ற கூட்டுச் சர்க்கரையும் சேர்ந்து ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் மெல்லிய சவ்வு போல் நிற்கின்றன. அரைத்த உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்மையில் மாவில் எவ்வளவு காற்று அடைபட்டிருக்கிறது என்பதற்கான சோதனை. இவ்வளவு எளிய, இவ்வளவு நம்பகமான சோதனை சமையலறையில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மிக்ஸியில் அரைப்பவர்கள் குளிர்ந்த நீர் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு: வேகமாகச் சுழலும் கத்தி மாவைச் சூடேற்றிவிடும், கிரைண்டரின் கல் அந்த அளவுக்குச் சூடேற்றாது.

ஆகவே மலைமேல் இருப்பவர் மாவின் அளவுகளை மாற்ற வேண்டியதில்லை, மாவுக்குக் கதகதப்பைக் கொடுத்தால் போதும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி, அணைத்த அடுப்பின் அருகே வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்ப்பதை விடுத்து மாவின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். சோடா உப்பு வாயுவைத் தரும் என்பது உண்மைதான். ஆயினும் அது புளிப்பை முறித்துவிடுவதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அவிக்கும்போதும் உயரம் குறுக்கிடுகிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இட்லிப் பானையின் ஆவியும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். அரிசியின் மாவுச்சத்து ஏறத்தாழ 70 டிகிரியைத் தாண்டும்போது நீரை உறிஞ்சி இறுகத் தொடங்குவதால் அங்கேயும் இட்லி வெந்துவிடும் என்றாலும், தட்டின் நடுவில் உள்ள மாவு அந்நிலையை அடையச் சற்று நேரம் கூடுதலாகும். குமிழிகளைச் சுற்றியுள்ள மாவு இறுகும் முன்பே மூடியைத் திறந்தால் உப்பிய இட்லி அமுங்கிவிடும். எனவே சேலத்தில் பத்து நிமிடம் வைப்பவர் ஏற்காட்டில் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வைத்து, அதன் பிறகு ஈர விரலால் தொட்டு, ஒட்டவில்லை என்றால் தட்டை இறக்கலாம்.