ரீகால்: யார் யாரைத் திரும்ப அழைக்கிறார்கள்?

அமெரிக்க மாநில அரசியலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர், பதவியில் இருப்பவரைக் காலம் முடியும் முன்பே மக்கள் வாக்களித்து நீக்குவதைக் குறிக்கும் ‘ரீகால்’ என்ற சொல் எதிர்ப்பட்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு ‘திரும்ப அழைத்தல்’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘விஸ்கான்சின் ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தல்’, ‘கலிபோர்னியா ஆளுநரைத் திரும்பப் பெறும் வாக்கெடுப்பு’ என்று செய்தியிலும் காணொளியிலும் போட்டித் தேர்வுக் கையேட்டிலும் இதையே பார்க்கிறேன். கொஞ்சம் பொருந்தாத சொல், இருந்துவிட்டுப் போகட்டும் என்று இதை விட முடியாது. நடந்ததற்கு நேர் எதிரானதைப் படிப்பவர் புரிந்துகொள்ளும் அளவுக்கு இது தவறான சொல்.

முதலில் ஆங்கிலச் சொல்லை முடித்துவிடலாம். ‘ரீ’ என்பது லத்தீன் முன்னொட்டு. மீண்டும், பின்னோக்கி என்று பொருள். ‘கால்’ என்றால் கூப்பிடு. வெளியே அனுப்பிய ஒருவரை, அனுப்பியவரே கூப்பிட்டுக்கொள்வதுதான் பழைய பொருள். தூதரைத் திரும்ப அழைப்பது இந்த வகை. அமெரிக்க அரசியலிலும் இந்தச் சொல் முதலில் இந்தப் பொருளில்தான் நுழைந்தது. 1781-இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்காவின் முதல் அரசியலமைப்பான கூட்டமைப்பு விதிகளின்படி, ஒவ்வொரு மாநிலமும் பொதுச் சபைக்குத் தான் அனுப்பிய பிரதிநிதிகளை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அனுப்பியவர் ஒருவர், போனவர் ஒருவர், அழைக்கிற இடம் ஒன்று, இருக்கிற இடம் வேறு. அங்கே ‘திரும்ப அழைத்தல்’ அப்படியே பொருந்தும்.

அதற்கு நூறாண்டு கழித்துச் சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது. 1903-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், 1908-இல் ஆரிகன், 1911-இல் கலிபோர்னியா என்று புதிய ஏற்பாடு ஒன்று பரவியது. பதவியில் இருப்பவரைப் பதவிக்காலம் முடியும் முன்பே மக்கள் வாக்களித்து வெளியேற்றலாம். கலிபோர்னியாவில் ரயில்வே நிறுவனத்தின் பிடியிலிருந்து அரசியலை விடுவிப்பேன் என்று சொல்லி ஆளுநரான ஹைரம் ஜான்சன் இதைக் கொண்டுவந்தார். விஸ்கான்சினில் இது 1926-இல் அரசியலமைப்பில் ஏறியது. பெயர் பழையதாகவே இருந்தது, செயல் வேறாகிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெயரைப் பார்த்தார்களே தவிரச் செயலைப் பார்க்கவில்லை.

செயல் எப்படிப்பட்டது என்பதற்கு விஸ்கான்சினைவிட நல்ல சான்று கிடையாது. 2011 ஜனவரியில் ஸ்காட் வாக்கர் அங்கே ஆளுநராகப் பதவியேற்றார். அடுத்த மாதமே, பட்ஜெட் பற்றாக்குறையைச் சரிசெய்வது என்ற பெயரில் ஒரு மசோதா வந்தது. சட்டமான பிறகு அதற்கு ‘ஆக்ட் 10’ என்று பெயர். அரசு ஊழியர் சங்கங்கள் இனி அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேச்சு நடத்தலாம். அந்த உயர்வும் விலைவாசி உயர்வைத் தாண்டக்கூடாது, தாண்ட வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுப்பது நின்றது. ஒவ்வோர் ஆண்டும் சங்கம் தன் அங்கீகாரத்தை உறுதிசெய்ய வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அதில் வாக்களித்தவர்களில் அல்ல, அந்தப் பிரிவின் மொத்த ஊழியர்களில் 51 சதவீதம் ஆதரவு வேண்டும். ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஊழியர் கையிலிருந்து கூடுதல் பணம். போலீசாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் மட்டும் விலக்கு. அரசு ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையை, அதாவது சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்துடன் பேச்சு நடத்தும் உரிமையை, அமெரிக்காவிலேயே முதலில், 1959-இல், சட்டமாக்கிய மாநிலத்தில் இது நடந்தது.

ஆசிரியர்களும் செவிலியர்களும் மாணவர்களும் தலைநகர் மேடிசனில் திரண்டார்கள். சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். பனி கொட்டுகிற பிப்ரவரி. நிதி மசோதாவை எடுக்க 33 பேர் கொண்ட செனட்டில் 20 பேராவது இருக்க வேண்டும். வாக்கரின் குடியரசுக் கட்சிக்கு இருந்ததோ 19 பேர். எதிர்த்தரப்பு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் 14 பேரும் கூண்டோடு பக்கத்து மாநிலமான இல்லினாய்க்குப் போய்விட்டார்கள். கடைசியில் நிதி சார்ந்த பகுதிகளைக் கழற்றிவிட்டு மீதியை நிறைவேற்றினார்கள். மார்ச் 11 அன்று வாக்கர் கையெழுத்துப் போட்டார்.

பதவிக்கு வந்து ஓராண்டு ஆகாமல் ஒருவர் மீது இந்த நடவடிக்கையைத் தொடங்க முடியாது என்பது விஸ்கான்சின் விதி. ஆகவே ஆளுநரைத் தொடும் முன் அந்தக் கோடையிலேயே செனட் உறுப்பினர்கள் 9 பேர், இரு கட்சியிலுமாக, இத்தகைய தேர்தலைச் சந்தித்தார்கள். குடியரசுக் கட்சியினர் இருவர் பதவி இழந்தார்கள். பிறகு நவம்பரில் வாக்கருக்கு எதிரான கையெழுத்து வேட்டை தொடங்கியது. முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் கால் பங்கு, அதாவது 5,40,208 கையெழுத்து, 60 நாளுக்குள் வேண்டும். சரிபார்த்த பிறகு நின்றது 9 லட்சத்துக்கும் மேல். 2012 ஜூன் 5-இல் தேர்தல் நடந்தது. 2010-இல் தோற்ற அதே டாம் பாரெட்தான் எதிர் வேட்பாளர். ஏறத்தாழ 53 சதவீத வாக்குகளுடன் வாக்கர் தப்பினார். இப்படியொரு தேர்தலைச் சந்தித்துப் பிழைத்த முதல் அமெரிக்க ஆளுநர் அவர்.

இப்போது இதைத் ‘திரும்ப அழைத்தல்’ என்று எழுதிப் பாருங்கள். ‘விஸ்கான்சின் மக்கள் வாக்கரைத் திரும்ப அழைத்தார்களா?’

தமிழில் ‘திரும்ப’ என்றால் மறுபடியும் என்றும் பொருள். ‘அழை’ என்றால் வரச்சொல்வது. கல்யாணத்துக்கு அழைக்கிறோம், விருந்துக்கு அழைக்கிறோம். மக்கள் ஒருவரைத் திரும்ப அழைத்தார்கள் என்றால், இன்னொரு முறை வந்து ஆளச் சொன்னார்கள் என்றுதான் சாதாரண வாசகர் எடுத்துக்கொள்வார். அப்படிப் பார்த்தால், வெற்றிபெற்ற வாக்கரைத்தான் மக்கள் ‘திரும்ப அழைத்தார்கள்’. 2003-இல் பதவி பறிபோன கலிபோர்னியாவின் கிரே டேவிஸைத் ‘திரும்ப அழைக்கவில்லை’. ஆங்கிலத்தில் இருவருக்கும் நடந்தது இதற்கு நேர்மாறு. வெளியே போ என்பதற்கு உள்ளே வா என்கிற வினையைக் கலைச்சொல்லாக வைத்திருக்கிறோம்.

‘திரும்பப் பெறுதல்’ இதைவிட மேலானது என்பார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை, காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. ‘ஆளுநரைத் திரும்பப் பெறு’ என்ற முழக்கம் தமிழ்நாட்டில் பழகிய ஒன்று. 2022 நவம்பரில் ஆளுநர் ஆர்.என். ரவியைத் திரும்பப் பெற வேண்டும் என்று தி.மு.க. கூட்டணிக் கட்சிகள் குடியரசுத் தலைவரிடம் மனுக் கொடுத்தன. அந்த இடத்தில் அது மிகச் சரியான சொல். நம் ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அரசியலமைப்பின் 156-ஆவது பிரிவின்படி அவர் விரும்பும் வரைதான் ஆளுநருக்குப் பதவி. டெல்லி அனுப்பியது, டெல்லி திரும்பப் பெறும். விஸ்கான்சின் ஆளுநரை வாஷிங்டன் அனுப்பவில்லை. அவர் மக்கள் வாக்கில் வந்தவர், நம் கணக்கில் முதலமைச்சரைப் போல. அவருக்கும் அதே சொல்லைப் போட்டால், அமெரிக்க அதிபர் ஏதோ ஒரு ஆளுநரை மாற்றப்போகிறார் என்று தமிழ் வாசகர் நினைப்பார். நினைத்ததையும் பார்த்திருக்கிறேன். ‘அப்போ ஜனாதிபதி என்ன சொல்கிறார்?’ என்று கேட்டவர் அரசியல் தெரியாதவர் அல்லர். சொல் அவரை அந்தப் பக்கம் அழைத்துப் போனது.

இதற்காக ‘ஆளுநர்’ என்ற சொல்லையே மாற்றத் தேவையில்லை. அது பதவிப் பெயர், இருக்கட்டும். கட்டுரையின் முதல் பத்தியில் ‘மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆளுநர்’ என்று ஒருமுறை எழுதினால் போதும். அந்த மூன்று சொல்லைக்கூட எழுத மாட்டேன் என்கிறார்கள்.

‘மீளழைப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. தனித்தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு, வேர் சுத்தமாக இருக்கிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள்ளும் உட்கார்ந்திருப்பது அதே ‘அழை’தான்.

சரி, என்னதான் சொல்வது? பதவிநீக்கத் தேர்தல். பொதுவாக உரிமையைக் குறிக்கும்போது, ‘மக்களின் பதவிநீக்க உரிமை’. கேட்டவுடன் புரிகிறது, யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு வரும் மறுப்பு ஒன்றுதான், அது கவனிக்க வேண்டிய மறுப்பு. அதிபர் மீதும் நீதிபதி மீதும் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ எடுக்கும் நடவடிக்கையையும் ‘பதவிநீக்கம்’ என்கிறோமே, இரண்டும் குழம்பாதா? குழம்பாது. அது பதவிநீக்கத் தீர்மானம். இது பதவிநீக்கத் தேர்தல். முன்னதில் உறுப்பினர்கள் குற்றம் சாட்டி விசாரித்து நீக்குகிறார்கள். பின்னதில் வாக்காளர்கள் நீக்குகிறார்கள், குற்றம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. விஸ்கான்சினில் ஆளுநருக்கு எதிராகக் கையெழுத்து வாங்கக் காரணமே எழுத வேண்டாம். கொள்கை பிடிக்கவில்லை என்பதே போதும். தமிழில் பின்னொட்டும் சொல் வேறுபாட்டை எவ்வளவு அழகாகத் தாங்குகிறது! அதை விட்டுவிட்டு அகராதியில் முதலில் கிடைத்ததை எடுப்பானேன்?

இந்த வேறுபாடு அந்த ஊர் வாக்காளர்களையே பிரித்தது. 2012 தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்கு வெளியே எடுத்த கணிப்பில், பத்தில் ஆறு பேர், முறைகேடு செய்திருந்தால் மட்டுமே இப்படியொரு தேர்தல் பொருந்தும் என்றார்கள். ஆக்ட் 10 பிடிக்காதவர்களிலும் சிலர் வாக்கரை நீக்க மனமில்லாமல் இருந்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. குற்றத்துக்கான தண்டனையா, கொள்கைக்கான எதிர்ப்பா என்பதுதான் அங்கே விவாதமே. ‘திரும்ப அழைத்தல்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த விவாதத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

நம்மிடமும் இதே குழப்பம் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ‘திரும்ப அழைக்கும் உரிமை’ இருந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பராந்தகச் சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு, வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருப்பவர் குற்றம் செய்ததாகக் கண்டால் அவரை விலக்கச் சொல்கிறது. அது பெருமைப்பட வேண்டிய விதிதான். ஆனால் அது குற்றத்துக்கான நீக்கம். கொள்கை பிடிக்காமல் ஊரார் வாக்களித்து இறக்கும் ஏற்பாடு அன்று. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டியதால் வந்த வினை இது.

தேர்தலா வாக்கெடுப்பா என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கலிபோர்னியாவில் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள். ஆளுநரை நீக்கலாமா, வேண்டாமா? நீக்கினால் அடுத்து யார்? 2003-இல் இரண்டாம் கேள்விக்கு 135 வேட்பாளர்கள் நின்றார்கள், நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்னேகர் வென்றார். 2021-இல் கேவின் நியூசமை நீக்க வேண்டாம் என்று ஏறத்தாழ 62 சதவீதத்தினர் சொன்னதோடு கதை முடிந்தது. இந்த முதல் கேள்வியைப் பதவிநீக்க வாக்கெடுப்பு என்பதே பொருத்தம். விஸ்கான்சினில் அந்தக் கேள்வியே இல்லை, நேராக வேட்பாளர்கள் மோதுகிறார்கள், ஆகவே தேர்தல்.

மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்களை இப்படி நீக்கும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே வாக்குச்சீட்டில் சின்னங்கள் இரண்டு: காலி நாற்காலி, ஆள் அமர்ந்த நாற்காலி. இந்தித் தேர்தல் பேச்சில் ‘காலி குர்சி, பரி குர்சி’ என்றே அதைச் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல்லில் ‘கால்’ இருக்கிறதா என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கவில்லை.

இதே செய்திகளில் கண்ணை உறுத்தும் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முடிவுக்கு எதிராக மக்கள் கொதித்து எழுவதை ஆங்கிலத்தில் ‘பேக்லாஷ்’ என்பார்கள். அதற்குப் ‘பின்னடைவு’ என்று போடுவது வழக்கமாகிவிட்டது. பின்னடைவு என்பது சறுக்கல், முன்னேற்றத்தில் தடை. மேடிசனில் நடந்தது எதிர்ப்பலை. ‘ஆளுநரின் கொள்கைக்குப் பின்னடைவு’ என்று எழுதினால் மசோதா தோற்றுவிட்டது என்று பொருள்; மசோதா நிறைவேறியது, எதிர்ப்பும் எழுந்தது.

இன்னொன்று ‘கூட்டு பேரம்’. குதிரை பேரம், பேரம் படிந்தது என்று காதில் விழுகிற ஊரில், வெறும் ‘கூட்டு பேரம்’ என்று விட்டால் சங்கங்கள் ஏதோ கள்ளத்தனம் செய்து பிடிபட்டதாகத் தொனிக்கிறது. நம் தொழிற்சங்கத்தார் பல ஆண்டுகளாகக் ‘கூட்டுப் பேர உரிமை’ என்று எழுதுகிறார்கள். அந்த ‘உரிமை’யை வெட்டாதீர்கள். பறிபோனது உரிமை என்பதுதான் அந்த மக்கள் பனியில் நின்றதற்குக் காரணம்.

ஆக்ட் 10 இன்னும் பழங்கதை ஆகவில்லை. 2018-இல் வாக்கர் வழக்கமான தேர்தலில் டோனி எவர்ஸிடம் தோற்றார். 2024 டிசம்பரில், மேடிசன் அடங்கிய டேன் கவுண்டியின் நீதிபதி ஒருவர் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி செல்லாது என்று தீர்ப்பளிக்க, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் 2012-ஐ நினைவூட்டாமல் செய்தி எழுத முடியாது. அப்போது ‘வாக்கர் பதவிநீக்கத் தேர்தலில் தப்பினார்’ என்று எழுதுங்கள்.