கோத்தகிரி என்றால் 81 குறிகள்

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "மழையளவு காட்டும் தளத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் திறந்தால் மட்டும் எண்களைப் பெரிதாக்க, பிரவுசருக்குள் ஓடும் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதினேன். முகவரியில் 'கோத்தகிரி' இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நான் கொடுத்த பேட்டர்ன். முகவரிப் பட்டையில் ஊர்ப் பெயர் பளிச்சென்று தெரிகிறது. ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. மேகம் இறங்கியிருக்கிறது, நெட் சரியில்லை என்கிறார்கள் நண்பர்கள்."

மலையில் எது பழுதானாலும் பழி மேகத்துக்குத்தான். பாவம், இதில் அதற்குப் பங்கில்லை.

கல்லாறு முதல் குன்னூர் வரை மலை ரயில் எஞ்சினின் பற்சக்கரம், தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்வரிசையை ஒவ்வொரு பல்லாகக் கவ்வி ஏறுகிறது அல்லவா? பேட்டர்ன் பொருத்தமும் அப்படித்தான். முதல் குறி பொருந்தினால் அடுத்தது. பொருந்தாவிட்டால் ஒரு இடம் தள்ளி மறுபடி முதலிலிருந்து. பேட்டர்னில் சிலர் போடும் புள்ளி, நட்சத்திரம் போன்ற சிறப்புக் குறிகளெல்லாம் இதன் மேல் கட்டிய மாடிகள்தான். மாணவரின் பேட்டர்னில் தப்பே இல்லை. அது கவ்வப்போன பல்வரிசைதான் வேறு.

நாம் பார்ப்பது 'கோத்தகிரி'. கோ, த், த, கி, ரி என்று 5 எழுத்து. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடு இப்படி எண்ணாது. அதற்கு 'க' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, புள்ளி ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. இப்படியே ஊர்ப் பெயர் முழுவதையும் எண்ணினால் 9. இந்த ஒன்பதும் இணையத்தில் பயணிக்கும்போது யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாகின்றன, அதாவது 0 முதல் 255 வரையான எண்களாகின்றன. 2048க்குக் கீழே எண் கிடைத்த கிரேக்க, அரபு எழுத்துகளுக்கு இரண்டு பைட் போதும். தமிழின் வரிசை 2944இல் தொடங்குவதால் நமக்கு மூன்று. 'க'வின் எண் 2965. அதன் பைட்டுகள் 224, 174, 149. ஒன்பது மும்மூன்றாகி 27.

இன்னும் முடியவில்லை. முகவரியின் பாதைப் பகுதியில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறெதுவும் அப்படியே நிற்க அனுமதியில்லை. ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியும் அதன் பின்னே பதினாறு அடிமானத்தில் இரண்டு இலக்கங்களுமாக மாறவேண்டும் (224 என்றால் %E0). 27 மூன்று மடங்காகி 81! தமிழ் இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ரயில் பெட்டிகள் போல நீளும் சதவீதக் குறிகளைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. முகவரிப் பட்டை நமக்காக அதைத் தமிழாக்கிக் காட்டுகிறது. ஸ்கிரிப்ட் கேட்டால் பிரவுசர் கொடுப்பதோ அந்த 81ஐ.

யூடிஎஃப்-8இன் பைட் கணக்கை 1992இல் நியூ ஜெர்ஸி உணவகம் ஒன்றில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் எழுதியவர் கணினி விஞ்ஞானி கென் தாம்சன். உடனிருந்தவர் சக விஞ்ஞானி ராப் பைக். பேட்டர்னைக் கொண்டு உரையில் தேடும் வழிமுறையை 1968இல் கட்டுரையாக வெளியிட்டவரும் இதே தாம்சன்தான். ஒரே மனிதரின் இரண்டு வேலைகள் கோத்தகிரியில் முட்டிக்கொள்கின்றன!

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தந்திருந்தால் 5 எழுத்து 5ஆகவே இருந்திருக்கும் என்பார்கள். 2010இல் தமிழக அரசு அறிவித்த டேஸ்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறை அப்படிப்பட்டதே. பிரவுசர்கள் அதன் பின்னால் வரவில்லை. அந்த வழக்கை இன்னும் நடத்துவதைவிட, மாநாட்டுப் பந்தலுக்குச் செலவாகும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்துத் தமிழ் முகவரிகளைச் சோதிக்க நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, தீர்வு? பிரவுசர் ஸ்கிரிப்ட்களை எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்டின் 'டிகோட்யூஆர்ஐ' கட்டளை வழியாக முகவரியைத் தமிழுக்குத் திருப்பிவிட்டுப் பிறகு பொருத்திப் பாருங்கள் என்று மாணவருக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "இப்போதும் பொருந்தவில்லை."

முழு முகவரியை அனுப்பச் சொல்லி, பென்சிலால் ஒவ்வொன்றாகக் குத்தி எண்ணினேன். ஊர்ப் பெயருக்கு 81 இல்லை, 90 இருந்தது. அந்தத் தளத்தை எழுதியவர் 'கோ'வின் ஓகாரத்தை ஒரே குறியாக இடாமல், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக இட்டிருக்கிறார். திரையில் இரண்டும் அச்சுஅசலாக ஒன்றே. 'நார்மலைஸ்' என்ற இன்னொரு கட்டளை இந்த இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கிவிடும். டிகோடுக்குப் பின்னால், பேட்டர்னுக்கு முன்னால் அதைப் போடவேண்டும்.