ஒரே பெயரில் மூன்று பொருள்: அமுக்கராக் கிழங்கு

பினாங்கு லெபோ பாசார் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா கேட்டால், "கிழங்கா, சூரணமா, மாத்திரையா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கக்கூடும். தூக்கம் வரவில்லை, மனம் அலைபாய்கிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் "ஏதாவது ஒன்று" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் மூன்றும் உடலுக்குள் போய்ச் சேரும் அளவும் விதமும் வேறு.

அமுக்கராவின் வடமொழிப் பெயரான அசுவகந்தம் என்பதற்குக் குதிரை மணம் என்று பொருள். பச்சை வேரை முகர்ந்தவர்கள் அதற்கு விளக்கம் கேட்கமாட்டார்கள். கத்தரி, சுண்டை, மணத்தக்காளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்களில் பெருமளவில் பயிராகிறது. நன்றாகக் காய்ந்த வேரை ஒடித்தால் 'சடக்'கென்று முறிந்து, உள்ளே வெள்ளை மாவாகத் தெரியும். வேராக இருந்தும் கிழங்கு என்று நாம் சொல்வதற்கு அந்த மாவுச்சத்தே காரணமாக இருக்கலாம்.

மன அழுத்தத்தின்போது மூளையின் ஹைப்போதலாமசு பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசோல் என்னும் அழுத்த இயக்குநீர் சுரக்கிறது. இந்தச் சங்கிலியை அமுக்கராவின் விதானோலைடு என்னும் சேர்மங்கள் தணிப்பதாகக் கருதப்படுகிறது. வேர்ச்சாறு உட்கொண்டவர்களின் இரத்தத்தில் கார்ட்டிசோல் குறைந்ததைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்காதவை என்பதால், ஆண்டுக்கணக்கில் உண்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது.

சித்த மருத்துவர்கள் வேரை அப்படியே இடித்துக் கொடுப்பதில்லை. பாதியளவு பாலும் நீரும் ஊற்றிய பானையின் வாயைத் துணியால் வேடு கட்டி, பாலில் பிசறிய பொடியை அதன்மேல் பரப்பி, மூடி, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, மீண்டும் இடித்துத் துணியில் சலிக்கிறார்கள். இதற்குப் பிட்டவியல் என்று பெயர். விதானோலைடுகள் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை என்பதை எண்ணினால், இதைப் பாலோடு குடிக்கும் வழக்கத்திலும் பொருள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நம்மூர் ஈரக்காற்றில் பொடி விரைவில் கட்டிபிடித்துப் பூஞ்சை பூத்துவிடும். சிறிதளவாக வாங்கி இறுக மூடி வைப்பதே சரி.

அமுக்கராச் சூரணத்தின் கணக்கோ தனி. இலவங்கம் 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இருமடங்காகும். மொத்தம் 255 பங்கில் அமுக்கரா கால்வாசிதான், சர்க்கரை பாதிக்குமேல். நீரிழிவுக்காரர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இதில்தான். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், பிற மருந்துகளை உடல் சிதைக்கும் வேகத்தையும் குறைக்கக்கூடியது.

மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் செறிவூட்டிய சாறு. ஒரு தயாரிப்பில் விதானோலைடு 5 விழுக்காடு இருக்க, இன்னொன்றில் 35 விழுக்காடு இருப்பதுண்டு. உருவத்தில் ஒன்றுபோலிருக்கும் இரு மாத்திரைகளில் ஏழு மடங்கு வேறுபாடு! கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் கல்லீரல் நோயாளிகளும் அமுக்கராவையே தவிர்க்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், நோயெதிர்ப்பு அடக்கம் ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தொடங்கிய சில வாரங்களில் உடல் அரிப்பு, கறுத்த சிறுநீர், கண் மஞ்சளித்தல் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். டென்மார்க் 2023ஆம் ஆண்டு அமுக்கராவைத் தடையே செய்துவிட்டது.

மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் 'மால்' (MAL) என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் இறுதியில் 'டி' (T) என்ற எழுத்தும் இருக்கும். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களுக்கான வரம்பு அதற்கு உண்டு. தூக்கம் வரும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. மருத்துவரிடம் போகும்போது பொட்டலத்தையோ போத்தலையோ கையோடு கொண்டுபோங்கள், ஏனெனில் "அமுக்கரா சாப்பிடுகிறேன்" என்ற ஒரு சொல்லை வைத்து அவரால் எதையும் கணக்கிட முடியாது.