கொக்கி காலியாக இருக்கும்போது அளந்த ரேடியஸை நம்பாதீர்கள்

சென்ற மாதம் ஓசூரில் ஒரு பட்டறையில் 8 டன் எடையுள்ள பிரஸ் இயந்திரத்தை லாரியிலிருந்து இறக்கினார்கள். லாரித் தளத்தை விட்டு எழும்பிய நொடியில் அது வெளிப்பக்கமாக வீசி ஆடி, பக்கத்தில் கைகொடுத்துக்கொண்டிருந்த இளைஞரின் வலது கையைத் தூணோடு சேர்த்து நசுக்கிவிட்டது. மூன்று விரல்கள் போயின. மறுநாள் கிரேனை ஆய்வு செய்ய என்னை அழைத்தார்கள். "சார், நான் பூமை அசைக்கவே இல்லை, கயிற்றை மட்டும்தான் ஏற்றினேன்" என்று ஆபரேட்டர் கண் கலங்கச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பூமை, அதாவது கிரேனின் நீண்ட கையை, அசைக்காததுதான் அங்கே நடந்த தவறு.

பாரம் ஏறினால் பூம் வளையும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய் பிடித்த மாங்கிளை எப்படித் தாழ்கிறது என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பூமின் நுனி தாழும்போது முன்னாலும் தள்ளிப் போகிறது. லாரியில் உட்கார்ந்திருக்கும் வரை சரக்கு பழைய இடத்திலேயே இருக்கும். தளத்தை விட்ட கணத்தில் நுனிக்கு நேர் கீழே வர ஓடும். அதனால்தான் கயிறு விறைத்து எடை ஏற ஏற, பூமைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிக்கொண்டே வர வேண்டும். அனுபவமுள்ள ஆபரேட்டர்களுக்கு இது கைப்பழக்கம்.

ஆனால் அந்தப் பட்டறை உரிமையாளர் என்னிடம் கேட்ட கேள்வியை, இந்த மாவட்டத்தில் குறைந்தது ஐம்பது பேராவது கேட்டிருப்பார்கள்: "புது கிரேன்தானே சார், நல்ல இரும்பு எப்படி வளையும்?" பொறுமையாகவே சொல்கிறேன். வளைவதற்கும் இரும்பின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. சாதாரண இரும்பாக இருந்தாலும், விலை உயர்ந்த அதிவலிமை எஃகாக இருந்தாலும், ஒரே அளவு, ஒரே தடிமன் உள்ள இரண்டு துண்டுகள் ஒரே பாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். அதிவலிமை எஃகு முறியாமலும் நிரந்தரமாகக் கோணாமலும் அதிகப் பாரம் தாங்கும், அவ்வளவுதான். அந்த வலிமையை நம்பித்தான் புதிய கிரேன்களின் பூமை மெல்லிய தகட்டில், எடை குறைவாக, இன்னும் நீளமாகச் செய்கிறார்கள். ஆகவே புதிய கிரேனின் பூம் பழையதைவிட அதிகமாகவே வளையக்கூடும். நீளமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்: அதே குறுக்களவு, அதே கோணம், அதே பாரம் என்றால், நீளம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. பாரம் இறங்கியதும் பூம் நிமிர்ந்துவிட்டால் அது ஆரோக்கியமான பூம். கவலைப்பட வேண்டியது வளைவைப் பற்றி அல்ல. வளைவைக் கணக்கில் சேர்க்காத வேலையைப் பற்றி.

அன்று என்ன கணக்குப் போட்டார்கள் என்று பார்த்தேன். கொக்கி காலியாகத் தொங்கும்போது டேப் பிடித்து, 10 மீட்டரில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார்கள். அந்த ரேடியஸுக்கு, அதாவது கிரேன் சுழலும் மையத்திலிருந்து கொக்கி வரை உள்ள கிடைத்தூரத்துக்கு, லோடு சார்ட்டில் (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணையில்) 8.6 டன். இயந்திரம் 8 டன், கொக்கியும் சரக்கைக் கட்டும் ஸ்லிங்கும் சேர்ந்து 400 கிலோ. மொத்தம் 8.4. இடம் இருக்கிறது என்று தூக்கிவிட்டார்கள். அதே எடையை, ஆள் யாரையும் அருகில் விடாமல் நான் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தி அளந்தபோது 10.6 மீட்டர். சார்ட்டில் 10-க்கு அடுத்து 11 மீட்டர்தான். இடைப்பட்ட ரேடியஸ் வந்தால் அதிக தூரத்துக்கான, அதாவது குறைந்த எடையைத்தான் எடுக்க வேண்டும். அது 7.4 டன். ஒரு டன் கூடுதலாகத் தூக்கியிருக்கிறார்கள், யாருக்கும் தெரியாமல். நானும் உடனே இறக்கச் சொல்லிவிட்டேன்.

"60 சென்டிமீட்டர்தானே, ஆறு சதவீதம்" என்கிறார்கள். கிரேன் கவிழ்வது நடுமையத்தைப் பற்றிக்கொண்டு இல்லை, அவுட்ரிகர், அதாவது பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால், அதன் பாதத்தைப் பற்றிக்கொண்டு. பாதம் மையத்திலிருந்து 3 மீட்டரில் இருந்தால், கவிழ்க்கும் கை 7 மீட்டரிலிருந்து 7.6 ஆகிறது. கூடுதல் ஏறக்குறைய ஒன்பது சதவீதம்.

அந்த 60 சென்டிமீட்டர் முழுவதும் பூமின் வளைவு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாதத்துக்கு அடியில் ஒரு பழைய பலகைதான் வைத்திருந்தார்கள். முதல்நாள் மழையில் ஊறிய செம்மண்ணில் அதன் ஒரு ஓரம் புதைந்து, மறு ஓரம் வானம் பார்த்தது. நுனி 23 மீட்டர் உயரத்தில் இருந்தால், கிரேன் ஒரு டிகிரி சாய்வதே ரேடியஸில் 40 சென்டிமீட்டர். பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் குவாரிகளில் கருங்கல் பாளம் தூக்குபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஒரு கன மீட்டர் கல் ஏறக்குறைய 2.7 டன், கண் மதிப்பில் எடை சொல்லாதீர்கள். பாளத்தைப் பக்கவாட்டில் இழுப்பது அதைவிடப் பெரிய குற்றம். மேலிருந்து கீழாக வரும் பாரத்துக்குத்தான் பூம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் வளைந்தால் அது நிமிரும் என்ற நம்பிக்கை வேண்டாம்.

ஆகவே ஆபரேட்டர்களே, சரக்கை ஒரு சாண் மட்டும் தூக்குங்கள், நிறுத்துங்கள், கொக்கிக்கு நேர் கீழே மறுபடி அளந்து சார்ட்டைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. தெரியாத எடையாக இருந்தால் முதலிலேயே ஒரு மீட்டர் கூட்டி வைத்துக் கணக்குப் போடுங்கள். எச்சரிக்கை மணி தொல்லை தருகிறது என்று லோடு இண்டிகேட்டரை முடக்கும் பைபாஸ் சாவியைத் திருப்பி வைக்கும் ஆபரேட்டரை அன்றே கீழே இறக்குங்கள், உரிமையாளர்களே. அந்தச் சாவியை அவர் கையில் கொடுத்துவைத்தது நீங்கள்தான். ஆண்டுச் சான்றிதழ் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்று என்னிடம் காட்டாதீர்கள். நான் சான்று கொடுத்தது கிரேனுக்கு. அன்று காலை நீங்கள் போட்ட கணக்குக்கு இல்லை.

கைகொடுக்கும் தம்பிமார்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். சரக்கு எழும்பும் நேரத்தில் அதைத் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் நீளக் கயிறு கட்டி, தள்ளி நின்று பிடியுங்கள். சரக்கு கிரேனை விட்டு விலகும் திசையில்தான் முதலில் பாயும். அந்தப் பக்கம் தூணோ சுவரோ லாரியோ இருந்தால், நடுவில் நிற்கவே நிற்காதீர்கள். மேஸ்திரி சத்தம் போட்டாலும் விலகி நில்லுங்கள்.